குருதி கூறும் சான்று

ஜொகூர் மாநிலத்திற்குத் தெற்கே, நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில் 1970-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது. மறு ஆண்டே தமிழகத்தின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதில் வெற்றி கண்டது. மலேசியாவின் முதற்சிகிச்சை கோலாலம்பூர் மருத்துவமனையில் 15.12.1975 அன்று நடைபெற்றது. உடன்பிறந்தார் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. ஆக, ஜொகூர்த் தமிழர்க்கு உறவும் போக்குவரவும் உள்ள மூன்று நிலங்களிலும் ஆறே ஆண்டுகளில் இக்கலை கால்கொண்டது எனலாம்.

அந்நாளில் மருத்துவர்தம் கவலையெல்லாம், பிறர் உறுப்பை உடல் ஏற்குமா என்பதே. 1954-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே செய்த அறுவை வென்றமைக்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையராய் இருந்தமையாகும். ஏனையோர்க்கு உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தேவைப்பட்டன. 1978-இல் ராய் கால்ன் என்பார் நோயாளர்க்கு முதன்முதல் வழங்கிய சைக்ளோஸ்போரின் இத்துறையின் போக்கையே மாற்றியது. பொருத்திய உறுப்பின் நிலையைக் குருதியிலுள்ள கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு உணர்த்தியது. அதனை நிறமாற்றத்தால் அறியும் முறைக்கு ஜெர்மானிய அறிஞர் மேக்ஸ் யாஃபே 1886-இலேயே வித்திட்டிருந்தார்.

சிறுநீரகம் பிழைத்தது, இதயமோ தளர்ந்தது! நெடுநாள் குருதியழுத்தம் முன்னரே நாளங்களைக் கெடுத்திருந்தது. காத்த மருந்துகளும் ஒருவகையில் பகையாயின: சைக்ளோஸ்போரின் அழுத்தத்தையும் கொழுப்பையும் உயர்த்தியது, ஸ்டீராய்டு சர்க்கரையைக் கூட்டியது. புதிய சிறுநீரகம் நன்கு இயங்கும்போதே இதயநோயால் மாண்டோர் பலர்.

எனவே, குருதியில் இதயத்தின் செய்தியைத் தேடலாயினர். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 2102 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் மருந்தால் இதய இறப்பும் உயிர் பறிக்காத மாரடைப்பும் குறைந்தன. ஆயினும் ஆய்வின் முதன்மை இலக்கு ஐயமற எட்டப்படவில்லை.

ஹோமோசிஸ்டீனின் கதை வேறு. இப்பொருள் மிகுந்தால் நாளம் கெடும் என்று 1969-இல் கில்மர் மெக்கல்லி கருதினார். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரில் அது மிகுந்தே காணப்பட்டது. 4110 பேருக்கு ஃபோலிக் அமிலமும் பி வகை வைட்டமின்களும் கூடுதலாகவோ குறைவாகவோ வழங்கி ஆராய்ந்தனர். 2011-இல் முடிவு வந்தது: கூடுதலாகப் பெற்றோர்க்கு ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்போ குறையவில்லை. சிலம்பு கையிலிருந்தமையால் கோவலன் கள்வனாகிவிடவில்லையன்றோ! நோயுற்ற இடத்தில் காணப்படும் பொருளெல்லாம் நோய் விளைத்த பொருளாகா.

இதயத் தசை சிதைகையில் குருதியிற் கலக்கும் டிரோபோனின் இன்று பெரிதும் நம்பப்படும் சான்று. எனினும், சிறுநீரகம் தளர்ந்தோரிடம் அது மாரடைப்பின்றியும் உயர்ந்திருப்பதுண்டு. ஆதலின் ஒருமுறை கண்ட அளவை மட்டும் கொண்டு மருத்துவர் முடிவு கூறுவதில்லை. சில மணி நேரங் கழித்து மீண்டும் குருதி எடுத்து, அது ஏறுகிறதா, நிலைத்து நிற்கிறதா என ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.