பாரதி பாடல்களும் பதிப்புரிமையும்

ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூலைப் படியெடுத்தல் தொண்டாகக் கருதப்பெற்றது. சிதையும் ஏட்டைக் காத்தது அத்தொண்டே. அச்சுப்பொறி வந்தபின் படியெடுத்தல் வாணிகமாயிற்று. ஆகவே, படைத்தவருக்கு உரியது யாது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடையாகப் பிறந்ததே பதிப்புரிமைச் சட்டம். தமிழகத்தில் அவ்வினாவை மக்கள் மன்றத்திற்குக் கொணர்ந்தவை பாரதியார் பாடல்கள் எனலாம்.

பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அதாவது, 1971 முடிய அப்பாடல்கள் உரிமையாளர் கையிலேயே இருந்திருக்க வேண்டும். துணைவியார் செல்லம்மா 1922இல் 'சுதேச கீதங்கள்' தொகுதிகளை வெளியிட்டார். வறுமை அம்முயற்சியைத் தொடரவிடவில்லை. 1931இல் வெளியீட்டுரிமை 4,000 ரூபாய்க்குப் பாரதி பிரசுராலயத்தாரைச் சேர்ந்தது. இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமைகள் 1934இல் ஒரு வணிகருக்கு 450 ரூபாய்க்கு விற்கப்பட்டன. 1946இல் அவற்றை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 9,500 ரூபாய்க்கு வாங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளில் விலை இருபது மடங்கிற்கு மேல் உயர்ந்தது. பாடியவரின் குடும்பமோ அவ்வுயர்வுக்குப் புறம்பாகவே நின்றது.

'பில்கணன்' (1948) படத்தில் பாரதியார் பாடல் இடம்பெற்றதால் பிணக்கு மூண்டது. நாட்டுக்காகப் பாடியவரின் பாட்டைப் பாட இசைவு வேண்டுமோ என எழுத்தாளர்கள் கேட்டனர். நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலியோர் செல்லம்மாவை நேரிற் கண்டு அவரது ஒப்புதலைப் பெற்றனர். 1949 மார்ச்சில் அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் நாட்டுடைமை அறிவிப்பைச் சட்டமன்றத்தில் வெளியிட்டார். மெய்யப்பச் செட்டியார் ஈடு பெறாமலே தம் உரிமையை அளித்தார். பாரதியார் குடும்பத்தார்க்கு அரசு பொருளுதவி வழங்கியது. 1955இல் அப்பாடல்கள் மக்கள் அனைவர்க்கும் உரியனவாயின. பொதுமக்களின் உரிமை, படைத்தவர் குடும்பத்தின் வாழ்வு ஆகிய இரண்டையும் ஒருங்கே எண்ணிய முடிவு இது.

இவ்வரலாறு இன்று மாணவர் இணையத்தளம் வரை நீள்கிறது. பாரதியார் கவிதையை ஒரு மாணவர் தம் தளத்தில் முழுமையாக இடலாம், தடையில்லை. ஆனால் அக்கவிதைக்கு வேறொருவர் எழுதிய உரையும் ஆய்வு முன்னுரையும், ஓவியர் தீட்டிய அட்டைப்படமும் அவ்விடுதலைக்குள் அடங்கா. 1957ஆம் ஆண்டுச் சட்டம் 1992இல் திருத்தப்பெற்றபின், நூலாசிரியரின் உரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகள் நிற்கிறது. பாடம் நடத்துகையில் ஆசிரியரும் மாணவரும் படியெடுக்கச் சட்டம் இடந்தருகிறது. திறனாய்வுக்கு அளவாக மேற்கோள் காட்டவும் இசைகிறது. எனினும், உலகோர் யாவரும் காணும் தளம் வகுப்பறையாகாது. 'கல்விக்காக' என்னும் ஒரு சொல்லோ, ஆசிரியர் பெயரைச் சுட்டுதலோ இசைவுக்கு ஈடாகமாட்டா. இசைவு கேட்டு எழுதும் மடலே அங்குத் தேவை.

உரிமைக்காலம் முடிந்த நூலுக்கும் ஒரு கடன் எஞ்சுகிறது. பெயரறியாப் புலவர் ஒருவரைக் குறுந்தொகைப் பாடலின் தொடர்கொண்டே செம்புலப்பெயனீரார் எனச் சுட்டியது தமிழ் மரபு. சட்டம் ஏதும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே பாடியவரை மறவாது போற்றிய மரபு அது. பெயரும் பாடமும் பிழையின்றி இன்று கிடைக்கும்போது, அவற்றைத் திரியாமல் வெளியிடுவது அம்மரபின் வழிவந்தோர் கடமையாகும்.