சவர்க்காரத்தில் தொடங்கிய ஒரு கதை

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை ஒரு வாப்பா என்னிடம் கேட்டார். "சேர், மகன் கொமர்ஸ்தானே செஞ்சான். இனி ஐ.டி. பக்கம் போக ஏலாதுதானே?"

ஏலும் என்றேன். அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1931 மே மாதம். அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் கேம்பள் கம்பனியில் 'கேமே' சவர்க்காரத்தின் விளம்பரத்தைப் பார்த்துவந்தவர் நீல் மெக்கெல்ரோய். அதே கம்பனியின் 'ஐவரி' சவர்க்காரத்தின் நிழலில் கேமே மங்கிக் கிடந்தது. அவர் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பொன்று எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் முழுப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். விற்பனை குறைந்தால் அவரே அந்தப் பகுதிக்குப் போய், கடைக்காரரையும் பாவிப்பவரையும் சந்தித்து, என்ன பிழை என்று கண்டறிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

இன்று மென்பொருள் கம்பனிகளில் 'புரொடக்ட் மெனேஜர்' செய்யும் வேலையின் வேர் இதுதான். இன்னொரு விசயம்: இதே மெக்கெல்ரோய் 1957இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளரானார். அவர் காலத்தில், 1958இல் உருவான 'ஆர்பா' நிறுவனத்தின் கணினி வலையமைப்புத்தான் பிறகு இணையத்துக்கு முன்னோடியானது.

அடுத்த திருப்பம் 1986. தகேயுச்சி, நொனாகா என்ற இரண்டு ஜப்பானிய அறிஞர்கள், ஹொண்டா, கெனன் போன்ற கம்பனிகள் புதிய பொருட்களை உருவாக்கும் விதத்தை ஆராய்ந்து எழுதினார்கள். பழைய முறை அஞ்சலோட்டம் மாதிரி. ஒரு பிரிவு தன் வேலையை முடித்து அடுத்த பிரிவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். நல்ல முறை றக்பி மாதிரி. முழு அணியும் பந்தைக் கைமாற்றிக்கொண்டே சேர்ந்து முன்னேறும்.

மென்பொருளில் அஞ்சலோட்டத்தின் நட்டம் பெரிது. தேவையை ஒருவர் எழுத, இன்னொருவர் வடிவமைக்க, மற்றவர் நிரல் எழுத, முதல் ஆள் விட்ட பிழை கடைசியில் சோதிப்பவரின் கையில்தான் அகப்படும். அதனால்தான் 1990களில் ஜெஃப் சதர்லண்டும் கென் ஷ்வேபரும் றக்பியின் 'ஸ்க்ரம்' என்ற சொல்லையே தங்கள் முறைக்கு வைத்தார்கள். 2001இல் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர் வெளியிட்ட 'அஜைல்' பிரகடனத்தின் கோட்பாடுகளில் ஒன்று, வியாபாரம் தெரிந்தவர்களும் நிரல் எழுதுபவர்களும் நாளாந்தம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது.

ஆக, கணக்கியல் படித்த பிள்ளைக்கும், நன்றாக வரையும் பிள்ளைக்கும், மற்றவர் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்கும் பிள்ளைக்கும் அந்த மேசையில் கதிரை இருக்கிறது. கணினி அடிப்படையும் ஆங்கிலமும் படிக்கத்தான் வேண்டும். அது இல்லாமல் சரிவராது.

இதை எழுதும்போது என் வகுப்பறையும் ஞாபகம் வந்தது. குழுச் செயற்பாடு கொடுப்பேன். ஒரு பிள்ளை முழுவதையும் செய்ய, மற்ற நால்வர் பெயர் மட்டும் போடுவார்கள். நானும் புள்ளி போட்டுவிடுவேன். அடுத்த தவணை முதல், ஆளுக்கு ஒரு பொறுப்பு என்று பிரித்து, ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் சேர்ந்திருந்து பேசவைத்துப் பார்க்கப்போகிறேன்.

அந்த வாப்பாவின் மகனை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வியோடு ஒரு பிள்ளை இருந்தால் அனுப்புங்கள், பேசுவோம்.