திரை நீலமும் தாள் நீலமும்

கணினித் திரையில் கண்டு மகிழ்ந்த வானநீலம், வீட்டு அச்சுப்பொறியிலிருந்து வெளிவரும்போது மங்கிய ஊதாவாகிவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மையைக் குறை சொல்கிறோம். விலையுயர்ந்த தாளுக்கு மாறிப் பார்க்கிறோம். ஆனால் இப்பிணக்கு கணினிக்கும் முந்தையது.

திரை செம்மை, பச்சை, நீலம் எனும் மூன்று ஒளிகளைக் கூட்டி வெண்மையை எட்டுகிறது. தாளோ வெண்மையில் தொடங்குகிறது. அதன்மீதுள்ள மைகள் ஒளியின் ஒவ்வொரு பகுதியை விழுங்க, எஞ்சியதையே நாம் நிறமென்கிறோம். 1861இல் மேக்ஸ்வெல் லண்டனில் மூன்று விளக்குகளின் ஒளியைக் கலந்து ஒரு கட்டமிட்ட நாடாவின் வண்ணங்களைக் காட்டியது முதல் வழி. அதற்கு நூறாண்டுக்கும் முன்னரே லெ பிளோன் நீலம், மஞ்சள், சிவப்புத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அச்சிட்டது இரண்டாம் வழி. இரண்டையும் ஒரே மேசைமீது கொண்டுவந்து நிறுத்தியது கணினிதான்.

நிறத்தைக் கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ என்று பொருளின் பெயரால் சுட்டியே பழகியவர்கள் நாம். இயந்திரத்துக்குக் கிளியும் தெரியாது, மயிலும் தெரியாது, எண் வேண்டும். அவ்வெண்ணை 1931இல் சி.ஐ.இ. எனும் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்தது. இங்கிலாந்தில் ரைட் 10 பேரையும், கில்டு 7 பேரையும் கொண்டு நடத்திய சோதனைகளே அதற்கு அடிப்படை. ஆக, 17 பேரின் கண்கள் உலகின் கண்ணாயின! இன்றும் திரைக்கும் அச்சுக்கும் இடையிலான மொழிபெயர்ப்பு அந்த எண்கள் வழியாகவே நடைபெறுகிறது.

1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. அமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிறத்திறனைச் சொல்லும் ஒரு கோப்பு இருக்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவையை முன்வைத்தன. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று.

சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. திரையின் ஆழ்ந்த நீலத்தையும் ஒளிரும் பச்சையையும் எந்தச் சாதாரண மையாலும் எட்ட இயலாது. எட்டாததை என்ன செய்வது? எல்லா நிறங்களையும் சற்றே சுருக்கி, அவற்றின் உறவைக் காக்கலாம். அல்லது எட்டுவனவற்றை அப்படியே விட்டு, எட்டாதவற்றை மட்டும் எல்லைக்கு இழுத்துவரலாம். முதல் வழியில் வானத்தின் மென்மை பிழைக்கும், ஆனால் முகத்தின் நிறமும் கொஞ்சம் நகரும். இரண்டாவதில் முகம் நிலைக்கும், வானம் தட்டையாகக்கூடும். இது கணக்கன்று, தேர்வு. நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் மென்பொருள் நமக்காகத் தேர்ந்துவிடுகிறது. மறைந்த ஒருவரின் ஒற்றைப் புகைப்படத்தை அச்சிடுகையில் அதை மென்பொருளிடம் விட்டுவிட நமக்கு மனம் ஒப்பவில்லை.

போதாக்குறைக்கு வெளிச்சம். எஸ்ஆர்ஜிபி 80 கேண்டெலா ஒளிர்வையே கருதியது. வீட்டுத் திரைகளோ பெரும்பாலும் அதனினும் பன்மடங்கு பிரகாசமானவை. அச்சு இருண்டு தெரிவதற்கு அதுவே முதற்காரணம். 2000இல் எப்சன் வெளியிட்ட 2000பி அச்சுப்பொறியின் நிறமிமை மங்காத உறுதிக்குப் பேர்பெற்றது. ஆனால் அதன் படங்கள் மின்விளக்கின்கீழ் சரியாகத் தெரிந்து, பகல் வெளிச்சத்தில் பச்சை பூசிக்கொண்டன. பின்வந்த மைகளில் இக்குறை பெரிதும் தணிந்தது. எனினும் திரையின் ஒளிர்வைத் தணித்து, படத்தை எந்தச் சுவரில் மாட்டப்போகிறோமோ அந்த விளக்கின்கீழேயே வைத்துப் பார்ப்பதை நாம் இன்னும் கைவிடவில்லை.