ஓயாது ஒலித்த மணி

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்பது வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகும் நோய். அதன் காரணத்தை மனிதன் கண்டறிந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1845-ஆம் ஆண்டில் எடின்பரோவில் பென்னட்டும் பெர்லினில் விர்ச்சோவும் இரத்தப் புற்றுநோயைத் தனித்தனியே விவரித்தனர். ஆயினும் வெள்ளணுக்கள் ஏன் பெருகுகின்றன என்பது நூறாண்டுக்கு மேலாக விளங்கவில்லை.

1960-ல் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு ஆகிய இருவரும், இந்நோயாளிகளின் உயிரணுக்களில் குரோமோசோம் ஒன்று சிறுத்திருக்கக் கண்டனர். அது ஊர்ப்பெயராலேயே பிலடெல்பியா குரோமோசோம் என வழங்கலாயிற்று. குறைந்த துண்டு எங்கே போயிற்று? 1973-ல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரவுலி அம்மையார் விடை கண்டார். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன.

இம்மாற்றத்தால் ‘ஏபிஎல்’ என்னும் மரபணு ‘பிசிஆர்’ என்னும் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது என்பது 1980-களில் தெளிவாயிற்று. ஏபிஎல் மரபணு தருவது டைரோசின் கைனேஸ் வகையைச் சேர்ந்த ஒரு நொதி. அது, ஏடிபி என்னும் பொருளிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களில் பொருத்துகிறது. அவ்வாறு பொருத்துவதே உயிரணுவுக்கு ஒரு செய்தி. ‘வளர்க, பிரிக’ என்னும் ஆணைகள் இவ்வழியே செல்கின்றன.

பல்லாண்டு பள்ளி மணியோசையோடு வாழ்ந்த எனக்கு இங்கே ஓர் உவமை தோன்றுகிறது. மணி வேளையறிந்து ஒலித்து அடங்கினால்தான் பள்ளி நடைபெறும். இயல்பான நொதியும் அத்தகையதே. அதன் முற்பகுதியே அதை மடக்கி அடக்கி வைக்கிறது. ஒட்டு நொதியிலோ அந்தத் தாழ் அறுந்துபோகிறது. பிசிஆர் பகுதி நொதிகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தூண்டிவிடுகிறது. மணி ஓயாது ஒலிக்கிறது. வெள்ளணுக்களும் ஓயாது பெருகுகின்றன.

காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. ஏடிபி அமரும் இடத்தில் தான் புகுந்து அமர்ந்து நொதியை அடக்கும் இமாட்டினிப் என்னும் மருந்தை, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நிக்கலஸ் லைடன் முதலியோர் உருவாக்கினர். அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் அதனை 1998-ல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பியது. 2001-ல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.

போராட்டம் அத்துடன் முடிந்துவிடவில்லை. நொதியின் ஓர் அமினோ அமிலம் மாறினாலும் மருந்து பற்றாமற் போகக்கூடும். அத்தகைய நொதிகளுக்கென வேறு மருந்துகள் பின்னர் வந்தன.

சிறுத்த குரோமோசோமைக் கண்ட நாளுக்கும் மருந்து கிடைத்த நாளுக்கும் இடையே 41 ஆண்டுகள். நோவெலும் ரவுலியும் மருந்து தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். கண்ணில் பட்டதை உள்ளபடி அறிய முயன்றவர்கள். அவ்வறிவின்மேல் பிறர் கட்டியெழுப்பியதே இன்று எண்ணற்றோரின் உயிரைக் காக்கிறது. பயன் என்ன என்று கேட்கும் முன்னர், உண்மை என்ன என்று கேட்கப் பழகுங்கள்.