ஒல்லாந்தின் பசிக்காலம்

யுத்தம் பிறவாத குழந்தையின் உடலிலும் தன் தடத்தைப் பதித்துவிடும் என்பதற்கு ஒல்லாந்து தேசத்தின் வரலாறு சான்று பகர்கின்றது.

1944 செப்டெம்பரில், நேசப்படைகளுக்கு உதவும் பொருட்டு அந்நாட்டுப் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். நாட்டைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியர், அதற்குத் தண்டனையாக மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். கடுங்குளிரிற் கால்வாய்களும் உறைந்தன. நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குங் கீழிறங்கிய பங்கீட்டுணவு, பின்னர் 400க்கும் 800க்கும் இடையில் நின்றது. மக்கள் துலிப் கிழங்கையும் உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். 1945 மே மாதத்தில் விடுதலை வந்தது, உணவும் வந்தது.

அக்காலப் பிரசவக் குறிப்புகள் ஆம்ஸ்டர்டாம் வைத்தியசாலையொன்றிற் பேணப்பட்டிருந்தன. அவற்றைக்கொண்டு, அன்று கருவிலிருந்தோரை ஐம்பது வயதளவிற் பரிசோதித்தனர். இரத்தத்துச் சர்க்கரையைச் சீர்செய்யும் ஆற்றல் அவர்களிடங் குன்றியிருந்ததென 1998இல் அறிவித்தனர். கருவின் கடைசி மாதங்களிற் பட்டினியுற்றோர் எடை குறைந்து பிறந்தவர்கள். தொடக்க மாதங்களிற் பட்டினியுற்றோரோ, வழக்கமான எடையுடன் பிறந்திருந்தும், பிற்காலத்தில் இருதய நோய்க்கு மிகுதியும் ஆளாயினர். ஆகவே, பிறந்தபோதுள்ள எடையை மட்டும் நோக்கி நலமென்று முடிவுசெய்தல் இயலாது.

பஞ்சத்திற்கு இசைந்து உருவான உடல், பின்னர் நிறைந்த உணவைத் தாங்க மாட்டாது இடர்ப்படுகின்றது என விஞ்ஞானிகள் கருதுகின்றனர். தொடக்க மாதங்களிற் பசியுற்றோரின் வளர்ச்சி மரபணு ஒன்றின்மீதுள்ள இரசாயனக் குறிகள், அறுபது ஆண்டுகளின் பின்னரும், பசியறியாத உடன்பிறந்தாரிலும் குறைந்திருந்ததை 2008ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று.

கர்ப்பவதிக்கு வயிறார உணவளிக்கும் சமுதாயம், அறுபது ஆண்டுகளின் பின் வரக்கூடிய நோய்க்கு இன்றே வைத்தியஞ் செய்கின்றது.