கல்பாக்கம் அணுசக்திப் பயிற்சிப் பள்ளி: சேர்க்கைத் தகுதிகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இயங்கும் பள்ளி. பொறியியல் பட்டதாரிகளையும் அறிவியல் முதுநிலைப் பட்டதாரிகளையும் ஓராண்டு பயிற்றுவித்து, அணுசக்தித் துறைக்கு அறிவியல் அலுவலர்களாக அனுப்புகிறது.

தோற்றம்: அணு உலைத் தொழில்நுட்பம் பொறியியல் கல்லூரிப் பாடங்களில் பெரிதும் இடம்பெறாத காலத்தில், 1957இல் மும்பை டிராம்பேயில் ஹோமி பாபாவின் முயற்சியால் தாய்ப்பள்ளி தொடங்கியது. பின்னாளில் அணுசக்தி ஆணையத் தலைவரான அனில் ககோட்கர் அங்கே பயின்று, 1964இல் பணியில் சேர்ந்தார். கல்பாக்கத்தில் 1971இல் உலை ஆராய்ச்சி மையம் அமைந்தது. 1985இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள சோதனை வேக ஈனுலை முதன்முறையாக இயங்கத் தொடங்கியது. அதன் வெப்பத்தைக் கடத்தும் திரவ சோடியம் தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும். அதைக் கையாளும் அறிவை உலையருகிலேயே கற்பிக்க வழிசெய்யும் வகையில் 2006இல் கல்பாக்கத்திலும் பள்ளி திறக்கப்பட்டது.

தகுதிகள்: பொறியியலில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அண்மை ஆண்டுகளின் அறிவிக்கைகளில் வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 26, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 29, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 31. துறையின் இணையவழித் தேர்விலோ 'கேட்' தேர்விலோ தேறியவர்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படுவர். அந்தத் தேர்வுகள் வடிகட்ட மட்டுமே. இறுதித் தெரிவை நேர்காணல் மதிப்பெண்ணே தீர்மானிக்கும். மருத்துவத் தகுதியும் கட்டாயம்.

பயிற்சிக்குப் பின்: சேர்ந்ததாலேயே வேலை உறுதியாவதில்லை. மொத்தத்தில் 50 விழுக்காடு எட்டுவோரே 'சி' நிலை அறிவியல் அலுவலராகலாம். மூன்றாண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தமும் உண்டு. 2005இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் வழியே, மேலும் ஓராண்டு ஆய்வுத் திட்டப்பணி முடிப்போர் எம்.டெக். பட்டமும் பெறலாம்.

ஒப்பீடு: அமெரிக்காவில் பட்டதாரி, அடிப்படைப் பொறியியல் தேர்வில் தேறி 'பயிற்சிப் பொறியாளர்' சான்று பெறுகிறார், சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் உரிமம் பெற மற்றொரு தேர்வு எழுதுகிறார். இந்தியாவில் எல்லாப் பொறியாளர்களுக்கும் பொதுவான அத்தகைய உரிமத் தேர்வு கிடையாது. பட்டதாரியைப் பொறுப்புக்கு உரியவராக்கும் வேலையைப் பணியமர்த்தும் நிறுவனமே ஏற்கிறது. கல்பாக்கத்தின் ஓராண்டு அதற்கான தகுதிகாண் காலமாகவும் அமைகிறது.