தீபாவளி ஆர்டர் குவியப்போகுது... உங்க குட்டி வெப்சைட் ரெடியா?

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு தி.நகர் கடைகள் தீபாவளிக்குத் தயாராக ஆரம்பித்துவிடும். பெரிய கடைகளுக்கு ஆளும் உண்டு, விளம்பரத்துக்குப் பணமும் உண்டு. ஆனால், வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து விற்பவர்கள், ஓர் அறையில் சேலைகளை அடுக்கிவைத்து ஆன்லைனில் விற்பவர்கள் என்ன செய்வது? அவர்களில் பலருக்கு வருஷ வருமானத்தில் பெரிய பங்கு இந்த சில வாரங்களில்தான் வரும். பேர் கெட்டுப்போவதும் இதே வாரங்களில்தான். தீபாவளிக்கு மறுநாள் வந்து சேரும் ஸ்வீட் பாக்ஸை யாரும் மன்னிக்க மாட்டாங்க. அதனால பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குங்க.

6 வாரங்களுக்கு முன்: முதல்ல கணக்கு

'எவ்வளவு விற்கலாம்?' என்பதற்கு முன், 'எவ்வளவு செய்ய முடியும்?' என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு 30 கிலோ முறுக்குதான் சுட முடியும் என்றால், 10 நாளில் 300 கிலோ. அரை கிலோ பாக்கெட்டாக 600. வெப்சைட், வாட்ஸ்அப், தெரிஞ்சவங்க போன் கால் எல்லாம் சேர்த்தே இந்த 600. ஆர்டர் எந்த வழியாக வந்தாலும் ஒரே ஷீட்டில் கழித்துக்கொண்டே வாருங்கள். தீர்ந்ததும் 'ஸ்டாக் இல்லை' என்று போட்டுவிடுங்க.

அடுத்து தள்ளுபடி. 500 ரூபாய் பொருளின் அடக்கவிலை 350 என்றால் லாபம் 150. இதில் 10% தள்ளுபடி கொடுத்தால் போவது 50 ரூபாய். அதாவது லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய லாபத்தையே பார்க்க ஒன்றரை மடங்கு விற்றாக வேண்டும். விலையைக் குறைப்பதைவிட, 'மூணு ஐட்டம் சேர்ந்த காம்போ' கொடுப்பது சின்ன கடைகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகும். ஒரே பாக்ஸ், ஒரே கூரியர் செலவு.

கூரியர் கணக்கிலும் ஒரு பொறி இருக்கு. எடை குறைவாக இருந்தாலும் பெட்டி பெரிதாக இருந்தால், பெட்டியின் அளவை வைத்தே கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். 30 x 25 x 20 பெட்டி என்றால் 3 கிலோ கணக்கு. உள்ளே இருப்பது 1 கிலோ முறுக்காக இருந்தாலும் சரி! பெட்டியைத் தேர்வு செய்த பிறகு 'ஃப்ரீ டெலிவரி' பற்றி யோசியுங்கள்.

5 வாரங்களுக்கு முன்: போனில் கடையைத் திறந்து பாருங்க

உங்க லேப்டாப்பில் வெப்சைட் அழகாகத் தெரியலாம். வாடிக்கையாளர் பார்ப்பது பஸ்ஸில் நின்றுகொண்டு, போனில். வைஃபையை ஆஃப் செய்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' இலவசம்தான். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம், கேமராவில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றுவது. அளவைக் குறைத்து, 'வெப்பி' ஃபார்மேட்டில் மாற்றி ஏற்றுங்கள்.

பிறகு, உங்க கடையிலேயே நீங்க ஒரு பொருள் வாங்குங்க. யு.பி.ஐ-யில் பணம் போகுதா, உறுதி மெசேஜ் வருதா, பாதியில் நெட் கட் ஆனால் என்ன ஆகுது என்று பாருங்கள். டெலிவரி கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டாதீங்க; அங்கேதான் பலர் வெளியே போய்விடுவார்கள்.

'இது உண்மையான கடைதானா?'

தீபாவளி சமயத்தில் போலி வெப்சைட்டுகளும் முளைக்கும். ஆன்லைனில் பட்டாசு விற்க 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்தும், பட்டாசு பெயரில் பணத்தைப் பறிக்கும் மோசடிகள் நிற்கவில்லை. புது கடை என்றாலே மக்களுக்குச் சந்தேகம். அதைத் தீர்ப்பது உங்க வேலை.

கடையின் பெயர், முழு முகவரி, தொடர்பு எண், ரிட்டர்ன் விதிகள், புகார்களைக் கவனிப்பவர் யார் என்பதெல்லாம் வெப்சைட்டில் இருக்கணும். 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கேட்பதும் இதைத்தான். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க எண், தயாரித்த தேதி, எத்தனை நாள் தாங்கும் என்பதையும் தெளிவாகப் போடுங்கள்.

'2 பீஸ்தான் இருக்கு, சீக்கிரம்!' என்று பொய்யாக அவசரப்படுத்த வேண்டாம். 2023-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், இப்படி ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. பொய் அவசரமும் அதில் ஒன்று.

4 வாரங்களுக்கு முன்: பழைய வாடிக்கையாளர் முதல்ல

புது ஆளைத் தேடி விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன், ஏற்கெனவே வாங்கியவர்களிடம் சொல்லுங்க. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் கேட்டலாக் போட்டு, விலையையும் சேருங்கள். 'பிரைஸ் இன்பாக்ஸ்ல' என்றால் பலர் கேட்கவே மாட்டாங்க. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்க நம்பரை சேவ் செய்தவர்களுக்குத்தான் மெசேஜ் போகும். அதனால ஒவ்வொரு பார்சலிலும் 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க' என்று ஒரு சின்ன கார்டு வையுங்க.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வதானால், போனஸ் கைக்கு வரும் சமயத்தைக் குறிவையுங்கள். கடைசி வாரத்தில் பெரிய கடைகளும் ஏலத்தில் நிற்பதால் விளம்பரச் செலவு ஏறும். நீங்க டெலிவரி செய்யாத ஊர்களுக்கு விளம்பரம் காட்டுவதும் வீண்.

கடைசித் தேதியைப் பெருசா எழுதுங்க

வெப்சைட்டின் உச்சியிலேயே, 'சென்னைக்குள் இந்தத் தேதி வரை, வெளியூருக்கு இந்தத் தேதி வரை, வெளிமாநிலத்துக்கு இந்தத் தேதி வரை' என்று மூன்று வரி போதும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இருக்கும். ஒரு நாள் கனமழை பெய்தாலே பார்சல்கள் தேங்கிவிடும். கூரியர்காரர் '3 நாள்' என்று சொன்னால், நீங்க 5 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி 2 வாரங்கள்: கை வைக்காதீங்க

இந்த நேரத்தில் புது டிசைன், புது ப்ளக்-இன் எதுவும் வேண்டாம். பேக்கப் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்டாக்கையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். 'எப்ப வரும் அக்கா?' என்ற கேள்வி ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வரும். பார்சல் கிளம்பியதுமே டிராக்கிங் எண்ணை நீங்களாக அனுப்பிவிட்டால் பாதி கேள்விகள் குறையும். தாமதம் என்று தெரிந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லி, 'பணத்தைத் திருப்பித் தரவா, காத்திருக்கீங்களா?' என்று கேட்டுவிடுங்க.

தீபாவளி முடிந்த வாரம், எது முதலில் தீர்ந்தது, எது தங்கியது, எந்த ஊரிலிருந்து அதிக ஆர்டர், எத்தனை பார்சல் உடைந்து போச்சு என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக வரும் சீசன்களுக்கு அந்த ஒரு பக்கம் உதவும்.